நிற்கும் படகில் சாகும் பேட்டரி: சிறிய படகுக்காரர்களுக்கு ஒரு விரிவான பதில்

கேட்கப்பட்டது இதுதான். சுமார் 18 அடி ஃபைபர் படகு, பின்புறம் வெளியே மாட்டிய ஒற்றை அவுட்போர்டு எஞ்சின், 100 ஏஎச் (ஆம்பியர்-மணி) கொள்ளளவில் ஒரே ஒரு 12 வோல்ட் பேட்டரி. மாதத்துக்கு ஒருமுறை, கூடிப்போனால் இருமுறை, படகு வெளியே போகிறது. ஆனாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பேட்டரி மாற்ற வேண்டியிருக்கிறது. இன்னும் பெரிய பேட்டரி வாங்கலாமா, லித்தியத்துக்கு மாறிவிடலாமா, சார்ஜரை எப்போதும் செருகியே வைக்கலாமா?

மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒன்று: உங்கள் பேட்டரியைக் கொல்வது படகு ஓடும் நாட்கள் அல்ல, சும்மா நிற்கும் நாட்கள். அந்த நாட்களில் அது அரைகுறை சார்ஜோடு கிடக்கிறது. இதைச் சரிசெய்யாமல் 100 ஏஎச்சை 150 ஆக்கினால், செத்துப்போகும் பேட்டரியின் எடையும் விலையும்தான் கூடும்.

ஏன் என்று பார்ப்போம். ஈய-அமில பேட்டரியிலிருந்து கரண்ட் எடுக்க எடுக்க, உள்ளே இருக்கும் தகடுகளின் மேல் ஈய சல்பேட் படிகிறது. சீக்கிரமே சார்ஜ் ஏற்றிவிட்டால் அந்தப் படிவு மறுபடி ஈயமாகவும் அமிலமாகவும் மாறிவிடும். எந்தப் பாதிப்பும் இல்லை. வாரக்கணக்கில் அப்படியே விட்டால், பொடியாக இருந்த படிகங்கள் சேர்ந்து பெரிதாகி இறுகிவிடுகின்றன. இறுகியதைச் சாதாரண சார்ஜரால் கரைக்க முடியாது. அந்த அளவுக்குத் தகட்டின் பரப்பு நிரந்தரமாகப் போய்விடுகிறது. ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் கொஞ்சமாக இது நடப்பதால், பெயர்ப்பலகையில் 100 ஏஎச் என்று எழுதியிருக்கும், உள்ளே 40 ஏஎச்கூடத் தேறாது. இதைத்தான் மெக்கானிக்குகள் ‘சல்பேஷன் ஆயிடுச்சு’ என்பார்கள்.

உங்கள் பேட்டரி இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். சிறிய படகில் இதைவிடப் பயனுள்ள கருவி வேறில்லை என்பது என் கருத்து. சார்ஜரையும் எல்லா லோடையும் நிறுத்திவிட்டு நாலைந்து மணி நேரம் கழித்து அளந்து பாருங்கள். 12.6 முதல் 12.7 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால்வாசிதான் மிச்சம். ஏஜிஎம் வகையில் (அமிலத்தைக் கண்ணாடி இழை விரிப்பில் ஊறவைத்து மூடிய பேட்டரி) எல்லாமே கொஞ்சம் உயரம். நிறைந்த ஏஜிஎம் 12.8-க்கு மேல் நிற்கும். கவனியுங்கள், நிறைந்ததற்கும் பாதிக்கும் நடுவே அரை வோல்ட்கூட இல்லை. டாஷ்போர்டில் இருக்கும் முள் மீட்டரும் பச்சைக் கோடுகளும் இந்த வித்தியாசத்தைக் காட்டாது. ‘12-க்கு மேலே இருக்கே, நல்லாத்தான் இருக்கு’ என்று நினைத்துப் படகைக் கட்டிவிட்டுப் போகிறவர்கள், முக்கால்வாசி காலியான பேட்டரியை ஒரு மாதத்துக்கு விட்டுப் போகிறார்கள். சார்ஜரைக் கழற்றிய உடனே அளந்தால் 13-க்கு மேல் காட்டும். அந்த எண்ணையும் நம்ப வேண்டாம்.

அடுத்தது, ‘எஞ்சின் ஓடும்போது அதுவே சார்ஜ் ஏற்றிவிடுமே’ என்ற நம்பிக்கை. பாதி உண்மை. எஞ்சினை ஸ்டார்ட் செய்ய ஆகும் செலவு மிகக் குறைவு. 150 ஆம்பியர் வீதம் மூன்று விநாடி இழுத்தாலும் மொத்தக் கணக்கு கால் ஏஎச்கூட வராது. எஞ்சின் அதைச் சில நிமிடங்களில் திருப்பிக் கொடுத்துவிடும். செலவு மற்றவற்றில்தான். மீன் தொட்டிக்கான பம்ப், ஃபிஷ் ஃபைண்டர், ரேடியோ, பாட்டுப் பெட்டி, இரவானால் விளக்குகள் எல்லாம் சேர்ந்து மணிக்கு ஐந்தாறு ஏஎச் சுலபமாகப் போகும். எஞ்சினை அணைத்துவிட்டு ஐந்து மணி நேரம் தூண்டில் போட்டால் 25 முதல் 30 ஏஎச் காலி. சிறிய அவுட்போர்டுகள் முழு வேகத்தில் ஓடும்போதே ஆறு ஆம்பியர், பத்து ஆம்பியர் என்ற அளவில்தான் சார்ஜ் தரும். மெதுவாக ஓட்டினால் அதிலும் கொஞ்சம்தான். கரைக்குத் திரும்பும் அரை மணி நேரத்தில் அது எதைத் திருப்பிக் கொடுக்க முடியும்?

பெரிய எஞ்சின், 40 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் என்றாலும் சிக்கல் முழுதாகத் தீராது. பேட்டரி சார்ஜை வாங்கிக்கொள்ளும் விதம் அப்படி. முதல் 80 சதவீதம் வரை கொடுத்ததை எல்லாம் வாங்கிக்கொள்ளும். அதற்குப் பிறகு, வாய் குறுகிய குடத்தில் தண்ணீர் ஊற்றுவது மாதிரிதான். அவசரப்பட்டால் வழியும், உள்ளே இறங்காது. கடைசி 20 சதவீதத்துக்கு மட்டுமே நாலு முதல் ஆறு மணி நேரம் தேவைப்படலாம். எந்த எஞ்சினும் உல்லாசப் பயணத்தில் அவ்வளவு நேரம் ஓடுவதில்லை. இறுகும் சல்பேட் இருப்பதும் அந்தக் கடைசிப் பங்கில்தான். எனவே எஞ்சினை நம்பியே இருக்கும் பேட்டரி, எத்தனை முறை வெளியே போனாலும், ஒருநாளும் முழுதாக நிறைவதில்லை.

ஆகவே செய்ய வேண்டியது: கரைக்கு வந்த அன்றைக்கே சார்ஜரில் போடுங்கள், இரவு முழுதும் விடுங்கள். அடுத்த வாரம் கிளம்புவதற்கு முந்தின நாள் போட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

எந்த சார்ஜர்? மூன்று கட்டங்களில் வேலை செய்யும் சார்ஜராக இருக்கட்டும். முதல் கட்டத்தில் தன்னால் முடிந்த கரண்டை முழுதாகத் தள்ளும். வோல்டேஜ் மெல்ல ஏறும். இரண்டாவதில் 14.4 முதல் 14.8 வோல்ட்டில் பிடித்துக்கொண்டு, பேட்டரி வாங்குகிற அளவுக்குக் கரண்டைக் குறைத்துக்கொண்டே வரும். மூன்றாவதில் 13.2 முதல் 13.6-க்கு இறங்கி, நிறைந்ததை நிறைந்தபடியே காக்கும். சார்ஜரின் ஆம்பியர், பேட்டரி கொள்ளளவில் 10 முதல் 20 சதவீதம் என்பது நல்ல அளவு. உங்கள் 100 ஏஎச்சுக்கு 10 ஆம்பியர் சார்ஜர் கச்சிதம். வாங்கும்போது பேட்டரி வகையைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரணத் தண்ணீர் பேட்டரிக்கும் ஏஜிஎம்முக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அமிலம் கூழாக இருக்கும் ஜெல் வகை மட்டும் 14.1, 14.2-க்கு மேல் தாங்காது. உள்ளே குமிழி விழுந்தால் கூழ் மறுபடி ஒன்றுசேராது, அந்த இடம் போனது போனதுதான். காருக்கென்று விற்கும் பழைய மாடல் சார்ஜர்கள் பல, நிறைந்த பிறகும் தள்ளிக்கொண்டே இருக்கும். அவற்றை இரவு முழுதும் விட்டால் தண்ணீர் கொதித்துத் தீர்ந்துவிடும்.

வெப்பமான இடத்தில் படகு நிற்கிறது என்றால் வெப்பநிலை சென்சாருள்ள சார்ஜருக்குக் கூடுதலாகச் செலவழிப்பது தகும். 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் சார்ஜ் வோல்டேஜ் சுமார் 0.03 வோல்ட் குறைய வேண்டும். மூடிய பெட்டிக்குள் பேட்டரி 40 டிகிரியில் இருந்தால் 14.4 என்பது அதற்கு அதிகம், 13.95 அளவே சரி. குளிர்ப் பிரதேசத்தில் கணக்கு தலைகீழ், கூட்டிக் கொடுக்க வேண்டும்.

சார்ஜரை எப்போதும் செருகியே வைக்கலாமா என்ற கேள்விக்கு: மேலே சொன்ன மூன்று கட்ட சார்ஜர் என்றால், படகு டிரெய்லரில் கரையில் நின்றால், தாராளமாக. மாதத்துக்கு ஒருமுறை தண்ணீர் அளவை மட்டும் பாருங்கள். படகு தண்ணீரிலேயே கட்டிக்கிடந்து, கரையிலிருந்து மின்சாரம் இழுக்கிறீர்கள் என்றால் விஷயம் வேறு. அந்த இணைப்பின் எர்த் ஒயர் வழியாக உங்கள் எஞ்சினின் அலுமினியமும் பக்கத்துப் படகுகளின் உலோகங்களும் தண்ணீருக்குள் ஒரே சுற்றில் சேர்ந்துவிடும். எஞ்சினுக்குப் பதிலாக அரிபட மாட்டியிருக்கும் துத்தநாகக் கட்டிகள் வேகமாகக் கரையும். பிறகு எஞ்சின் காலே அரிக்கத் தொடங்கும். எர்த் ஒயர் வழியாக வரும் அந்த அரிப்புக் கரண்ட்டைத் தடுக்க கேல்வானிக் ஐசொலேட்டர் என்ற சாதனம் இருக்கிறது. நிரந்தரக் கரை இணைப்பு வைத்திருப்பவர்கள் அதைப் போட்டே ஆக வேண்டும்.

நல்ல சார்ஜர் வாங்கியும் பேட்டரி நிறையவில்லை என்றால் பெரும்பாலும் ஒயரில்தான் குற்றம். சார்ஜர் முன்னால், பேட்டரி பின்னால், நடுவில் ஐந்து மீட்டர் தூரம், மெல்லிய 1 சதுர மில்லிமீட்டர் ஒயர் என்று வைத்துக்கொள்வோம். போக வர 10 மீட்டர் செம்பின் தடை சுமார் 0.17 ஓம். 10 ஆம்பியர் போகும்போது வழியிலேயே 1.7 வோல்ட் தொலைந்துவிடும். சார்ஜர் 14.4 கொடுத்தோம் என்று நினைத்து அடுத்த கட்டத்துக்குப் போகப் பார்க்கும். பேட்டரி முனையில் 12.7-தான் வந்திருக்கும். அதையே 6 சதுர மில்லிமீட்டர் ஒயராக்கினால் இழப்பு 0.3 வோல்ட்டுக்குள் அடங்கும். படகுக்கு வெள்ளீயம் பூசிய செம்பு ஒயர்தான் சரி. வெறும் செம்பில் உப்புக் காற்று உறைக்குள்ளேயே ஊர்ந்து போய்விடும். வெளியே பளபளப்பாக இருக்கும் ஒயரை வெட்டிப் பார்த்தால் உள்ளே கறுத்துக் கிடக்கும்.

சோதிப்பது எளிது. சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் ஈயக் கம்பத்தின் தலையில் வையுங்கள், இன்னொன்றை அதைப் பிடித்திருக்கும் லக்கின் (ஒயர் முனையில் இருக்கும் உலோகப் பிடி) மேல் வையுங்கள். தொட்டுக்கொண்டு இருக்கும் இரண்டு உலோகங்கள். மீட்டர் பூஜ்யத்தை ஒட்டித்தான் காட்ட வேண்டும். 0.2, 0.3 என்று காட்டினால் அந்த இணைப்புக்குள் அழுக்கு இருக்கிறது. நெகட்டிவ்வை முதலில் கழற்றி, பிறகு பாசிட்டிவ்வைக் கழற்றுங்கள். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருப்பதைச் சமையல் சோடா கரைத்த தண்ணீரால் கழுவுங்கள், நுரைத்து அடங்கும். கரைசல் செல்லுக்குள் மட்டும் போய்விடக் கூடாது. நன்றாகத் துடைத்து, கம்பி பிரஷ்ஷால் ஈயம் பளிச்சிடும் வரை தேய்த்து இறுக்கிய பின், மேலே கிரீஸ் தடவுங்கள். கிரீஸை முதலில் தடவிவிட்டு லக்கை மாட்டுவது தவறான வரிசை. மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். இறக்கை நட்டுகளைத் தூக்கிப் போட்டுவிட்டு ஸ்பேனரால் இறுக்கும் நட்டும் ஸ்பிரிங் வாஷரும் போடுங்கள். அலையில் அடிவாங்கும் படகில் கை இறுக்கம் நிற்காது.

இனி, யாருக்கும் தெரியாமல் சொட்டும் கரண்ட். மெயின் சுவிட்சை அணைத்த பிறகும் ரேடியோவின் மெமரி, அலாரம், யூஎஸ்பி சாக்கெட்டின் நீல விளக்கு என்று சில நேரடியாகப் பேட்டரியில் இணைந்திருக்கும். 50 மில்லி ஆம்பியர்தானே என்று விட்டுவிடுவோம். நாளுக்கு 1.2 ஏஎச், மாதத்துக்கு 36 ஏஎச். உங்கள் பேட்டரியில் மூன்றில் ஒரு பங்கு, படகில் யாருமே ஏறாமல் போய்விடும். இது தவிர, தண்ணீர் பேட்டரி தானாகவே மாதம் ஐந்து சதவீதம் போல இழக்கும். வெப்பத்தில் இன்னும் அதிகம். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, நடுவில் மல்டிமீட்டரை ஆம்பியர் அளவில் வைத்துப் பாருங்கள். காட்டும் எண் பூஜ்யமில்லை என்றால் ஒவ்வொரு ஃபியூஸாக உருவினால் திருடன் அகப்படுவான். அந்த நேரத்தில் பில்ஜ் பம்ப் (படகின் அடியில் தேங்கும் தண்ணீரை வெளியேற்றுவது) ஓடாமலும் யாரும் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமலும் பார்த்துக்கொள்ளுங்கள், மீட்டர் கருகிவிடும்.

பில்ஜ் பம்பை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். படகு தண்ணீரில் மிதக்கிறது என்றால் அதன் தானியங்கி சுவிட்ச் மெயின் சுவிட்சைத் தாண்டி, தனி ஃபியூஸோடு, எந்நேரமும் உயிரோடு இருக்க வேண்டும். ஒரு கனமழை இரவில் படகைக் காப்பாற்றுவது அது ஒன்றுதான். கரை மின்சாரம் எட்டாத இடத்தில் கட்டப்படும் படகுக்கு இதனால்தான் 20, 30 வாட் சோலார் பேனலைப் பரிந்துரைக்கிறேன். நல்ல வெயிலில் 30 வாட் பேனல் நாளுக்கு ஐந்து ஏஎச்சுக்குக் குறையாமல் தரும். சொட்டும் கரண்ட்டையும் தானாக இறங்குவதையும் ஈடுகட்டிவிட்டு மிச்சமும் இருக்கும். நடுவில் கண்ட்ரோலர் கட்டாயம், ஏனென்றால் லோடில்லாத பேனல் 20 வோல்ட்டைத் தாண்டும். பேனலின் ஓரத்தில் ஒரு கயிற்றின் நிழல் விழுந்தாலே உற்பத்தி பெருமளவு சரியும் என்பதால் இடத்தை யோசித்துப் பொருத்துங்கள்.

தண்ணீர் ஊற்றும் வகை பேட்டரியில் டிஸ்டில்டு வாட்டர் தவிர வேறெதுவும் கூடாது. சார்ஜ் ஏறி முடிந்த பிறகு நிரப்புங்கள். முன்பே விளிம்பு வரை நிரப்பினால் சார்ஜ் ஏறும்போது அமிலம் விரிந்து வெளியே வழியும். தகடு வெளியே தெரிந்தால் மட்டும், அது மூழ்கும் அளவுக்கு முன்னதாகக் கொஞ்சம் விடலாம். அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் இருந்தால் ஆறு செல்லையும் அளந்து எழுதி வையுங்கள். நிறைந்த செல் 1.265-க்குக் குறையாமல் காட்ட வேண்டும். ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட 0.050-க்கு மேல் பின்தங்கினால் அந்தப் பேட்டரியின் முடிவு அங்கேதான் தொடங்குகிறது. எல்லாம் சேர்ந்து கொஞ்சம் தாழ்ந்திருந்தால், பேட்டரி தயாரிப்பாளர் அனுமதித்திருக்கிறாரா என்று பார்த்து, ஈக்வலைஸ் வசதியுள்ள சார்ஜரில் 15 வோல்ட்டுக்கு மேல் சில மணி நேரம் கொதிக்கவிட்டால் கொஞ்சம் மீளும். அப்போது படகின் எல்லா மின்னணுச் சாதனங்களையும் பேட்டரியிலிருந்து பிரித்துவிடுங்கள். ஏஜிஎம், ஜெல் பேட்டரிகளில் பொதுவாக இதைச் செய்யவே கூடாது.

சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளியேறும். காற்றில் நாலு சதவீதம் சேர்ந்தாலே வெடிக்கும். அது லேசான வாயு, மேலே போகும். அதனால் பெட்டியின் மேற்புறத்தில் காற்றுவழி வேண்டும், மூடியைத் திறந்துவைத்துச் சார்ஜ் ஏற்றுவது இன்னும் நல்லது. கிளிப்பைப் பேட்டரியில் மாட்டிய பிறகே சார்ஜருக்கு மின்சாரம் கொடுங்கள். கழற்றும்போது முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள். கடல்நீர் அமிலத்தோடு கலந்தால் குளோரின் வாயு வரும், ஆகவே பேட்டரி படகின் அடித்தளத்தில் தண்ணீர் தேங்கும் இடத்தில் இருக்கக் கூடாது. பட்டை போட்டு இறுக்கிக் கட்டுங்கள்; கையால் பலமாக இழுத்தாலும் ஓர் அங்குலத்துக்கு மேல் அசையக் கூடாது. பாசிட்டிவ் முனையிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு ஒயருக்கும், ஸ்டார்ட்டர் கேபிள் நீங்கலாக, ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்கட்டும்.

லித்தியம் பற்றி. படகுக்கு என்றால் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகைதான். எடை பாதிக்கும் குறைவு, ஆயிரக்கணக்கான முறை சார்ஜ் ஏற்றி இறக்கலாம், அரைகுறை சார்ஜில் மாதக்கணக்கில் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. சொல்லப்போனால் நீண்ட நாள் நிறுத்தும்போது அதைப் பாதியில் வைப்பதுதான் நல்லது. அப்படியானால் உங்கள் பிரச்சினை தீர்ந்ததே என்று தோன்றும். ஆனால் உங்களிடம் இருப்பது ஒரே பேட்டரி, அதுதான் எஞ்சினையும் ஸ்டார்ட் செய்கிறது. லித்தியம் பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்று ஏதோ காரணத்தால் ஓடும்போதே துண்டித்துக்கொண்டால், எஞ்சினின் சார்ஜ் போக்கிடம் இல்லாமல் வோல்டேஜ் எகிறி ரெக்டிஃபையரையும் ஃபிஷ் ஃபைண்டரையும் பதம்பார்க்கும். காலியான லித்தியம் ஆல்டர்னேட்டரிடமிருந்து இழுக்க முடிந்ததை எல்லாம் நிறுத்தாமல் இழுத்து அதைச் சூடேற்றும். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே அதற்குச் சார்ஜ் ஏற்றவே கூடாது. வோல்டேஜைப் பார்த்து மிச்சத்தை மதிப்பிடவும் முடியாது, பெரும்பகுதி நேரம் 13.2 அருகிலேயே நிற்கும். உள்ளே போகும், வெளியே வரும் கரண்ட்டைக் கணக்கிடும் ஷண்ட் வைத்த மானிட்டர் வேண்டும். படகை மெதுவாக நகர்த்தும் எலெக்ட்ரிக் ட்ரோலிங் மோட்டார் ஓட்டுகிறவர்களுக்கு லித்தியத்தைக் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்வேன். ஸ்டார்ட் செய்வதற்கு, உங்கள் எஞ்சின் கையேடு வெளிப்படையாக அனுமதித்தால் ஒழிய, வேண்டாம்.

அந்தப் பணத்தில் பாதியை வைத்து நான் செய்யச் சொல்வது இது: ஸ்டார்ட்டுக்கு ஒரு சிறிய பேட்டரி, மற்ற சாதனங்களுக்கு ஒரு டீப் சைக்கிள் பேட்டரி (ஆழமாக இறக்கி ஏற்றுவதைத் தாங்கும் வகை), நடுவில் வோல்டேஜ் பார்த்து இணைக்கும் ரிலே. எஞ்சின் ஓடி 13.3 வோல்ட்டைத் தாண்டியதும் ரிலே இரண்டையும் சேர்க்கும், 12.8 அளவுக்கு இறங்கியதும் பிரிக்கும். பாட்டு கேட்டே பேட்டரி தீர்ந்தாலும் எஞ்சின் ஸ்டார்ட் ஆகும். ரிலேக்குப் பதில் கையால் திருப்பும் சுவிட்ச் போட்டிருந்தால், எஞ்சின் ஓடும்போது அதை ‘ஆஃப்’ வழியாகத் திருப்பாதீர்கள்; ஆல்டர்னேட்டரின் டயோடு அந்த நொடியிலேயே போகலாம்.

இப்போது கையில் இருக்கும் பேட்டரி பிழைக்குமா என்று தெரிய வேண்டும். இரவு முழுதும் சார்ஜ் ஏற்றி, ஒரு பகல் சும்மா வைத்து அளந்து பாருங்கள். 10.5-ஐ ஒட்டிக் காட்டினால் ஆறில் ஒரு செல் போய்விட்டது. சார்ஜரில் திரும்ப மாட்டவும் வேண்டாம். 12.6 காட்டினால், மீட்டரை முனைகளில் வைத்தபடியே இன்னொருவரை எஞ்சினை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். பத்து வோல்ட்டுக்கு மேல் நின்றால் இன்னும் தெம்பு இருக்கிறது; 9.6-க்கும் கீழே விழுந்தால் மாற்றிவிடலாம். பழையதைக் கடையிலேயே கொடுத்துவிடுங்கள், ஈயம் மறுசுழற்சிக்குப் போகும். புதியதை மாட்டும் முன் வீட்டிலேயே முழுதாகச் சார்ஜ் ஏற்றி, ஓய்வில் காட்டும் வோல்டேஜையும் தேதியையும் அதன் பக்கவாட்டில் அழியாத மையால் எழுதுங்கள். அடுத்த வருடம் அதே மாதம் அளந்து பக்கத்திலேயே எழுதினால், பேட்டரி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.